ஆர்லாண்டோவில் டெண்ட் போடலாமா?

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் டிஸ்னி வேர்ல்ட் பேச்சு வந்துவிடும். எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துப் பெருமூச்சு விடும்போது யாராவது ஒருவர், "உள்ளேயே கேம்பிங் இருக்காமே, ஹோட்டலுக்கு ஏன் கொட்டிக் கொடுக்கணும்?" என்று கேட்பார்.

அவர் சொல்வது சரிதான். ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்ட் 1971 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 19 முதல் அதன் எல்லைக்குள்ளேயே ஃபோர்ட் வில்டர்னஸ் என்ற கேம்பிங் வளாகம் இருக்கிறது. சுமார் 750 ஏக்கர். பைன் மரங்களும் சைப்ரஸ் மரங்களும் அடர்ந்த காடு, பக்கத்தில் பே ஏரி. டெண்ட் போடுவதற்கென்றே தனிப் பகுதிகள் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் தண்ணீர்க் குழாய், மின்சாரம், கரி அடுப்பு, உட்கார்ந்து சாப்பிட ஒரு மர மேசை. கழிப்பறை, வெந்நீர்க் குளியல், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் ஏசி போட்ட பொதுக் கட்டடங்களில் இருக்கின்றன.

ஆனால் எந்தக் குடும்பத்துக்கு இது மிச்சம் என்பது ஒரு நாள் வாடகையைப் பார்த்துத் தெரிவதில்லை. எத்தனை பேர் போகிறீர்கள், காரில் போகிறீர்களா விமானத்திலா, எந்த மாதம் போகிறீர்கள் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

முதலில் டிக்கெட்டைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். எங்கே தூங்கினாலும் அது மாறாது. 2018 முதல் டிஸ்னி தேதிக்கு ஒரு விலை வைக்கிறது. 2024இல் பெரியவர்களுக்கு ஒரு நாள் டிக்கெட் 109 டாலரில் தொடங்கியது; கிறிஸ்துமஸ் வாரத்தில் மேஜிக் கிங்டம் பூங்காவுக்கு 189 டாலர் வரை போனது. 3 வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். 3 முதல் 9 வயது வரை குழந்தை டிக்கெட் என்று பெயர், குறைப்பதோ சில டாலர்தான். 10 வயதானால் பெரியவர் கணக்கு. பல நாள் டிக்கெட் எடுத்தால் ஒரு நாளுக்கான விலை இறங்கும். கணக்குக்காக ஆளுக்கு நாளொன்றுக்கு 130 டாலர் என்று வைத்தால், நால்வருக்கு மூன்று நாளில் 1,560 டாலர். பள்ளி விடுமுறையின் உச்ச வாரத்தைத் தவிர்த்தால் இந்த ஓர் இடத்திலேயே நல்ல தொகை மிஞ்சும். செப்டம்பரில் லேபர் டே முடிந்த பிறகும், ஜனவரி நடுவிலும் கூட்டமும் குறைவு, விலையும் குறைவு. ஓரிரு நாள் பள்ளிக்கு லீவு போட மனம் ஒப்பினால், டெண்டா ஹோட்டலா என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட அதில் மிச்சம் அதிகம்.

இப்போது தங்குமிடம். டிஸ்னி எல்லைக்குள் விலை குறைந்த ஹோட்டல்கள் என்றால் ஆல்-ஸ்டார் வரிசையில் மூன்று, பிறகு பாப் செஞ்சுரி. சாதாரண அறையில் 4 பேர்தான் தங்கலாம், தொட்டிலில் படுக்கும் கைக்குழந்தை மட்டும் விலக்கு. ஃபோர்ட் வில்டர்னஸில் ஒரு கேம்பிங் இடத்தில் 10 பேர் வரை அனுமதி. எல்லாக் கணக்கையும் புரட்டிப்போடுவது இந்த வித்தியாசம்தான்.

டெண்ட் இடம் ஓர் இரவுக்கு 110 டாலர், ஹோட்டல் அறை 160 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுமே தேதிக்குத் தேதி ஏறி இறங்குபவை, இவை கணக்குக்கு எடுத்த எண்கள் மட்டுமே. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் நான்கு இரவு தங்கினால் டெண்டுக்கு 440, ஹோட்டலுக்கு 640. மிச்சம் 200 டாலர். அதே குடும்பத்தோடு தாத்தா பாட்டியும் சேர்ந்தால் ஆறு பேர், இரண்டு அறை, 1,280 டாலர். டெண்ட் இடம் அதே 440தான். மிச்சம் 840. அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம் என்று எட்டுப் பேராகப் போனாலும் அதே இரண்டு அறை, அதே ஓர் இடம். இதற்கு மேல் 12.5 சதவீதமோ அதற்குச் சற்று அதிகமாகவோ வரி வரும். முன்பதிவு செய்யும்போது பெரியவர்கள் எத்தனை பேர் என்பதைச் சரியாகப் போட்டு, வரியோடு வரும் மொத்தத் தொகையை ஒப்பிடுங்கள். ஆறு பேர் தங்கும் ஃபேமிலி சூட்டும் ஆல்-ஸ்டார் மியூசிக்கில் உண்டு. உங்கள் தேதிக்கு அது இரண்டு தனி அறைகளைவிட மலிவாக இருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

நால்வருக்கு மிஞ்சும் அந்த 200 டாலர் கையில் நிற்காது. டெண்ட், அடியில் விரிக்கக் காற்று மெத்தை, விளக்கு, மின்விசிறி, ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் அதைவிட அதிகமாகிவிடும். ஏற்கெனவே கேம்பிங் போகிறவர்களுக்கும், நண்பர் வீட்டில் இரவல் கிடைப்பவர்களுக்கும்தான் அது உண்மையான மிச்சம். விமானத்தில் போகிறவர்களுக்கு இது ஒத்தே வராது. பெட்டிக் கட்டணம் கட்டி டெண்டைக் கொண்டுபோக வேண்டும், இறங்கியதும் கார் வாடகைக்கு எடுக்க வேண்டும். அட்லாண்டாவிலிருந்து ஏழு மணி நேரம் ஓட்டி வருகிறவர்களுக்கோ டிக்கியில் எல்லாம் அடங்கிவிடும்.

வாடகையைவிடச் சாப்பாட்டில்தான் டெண்ட் கைகொடுக்கிறது என்பது என் எண்ணம். பூங்காவுக்குள் கவுண்டரில் வாங்கிச் சாப்பிட்டால் பெரியவருக்கு ஒரு வேளைக்கு 15 முதல் 20 டாலர். மூன்று வேளையும் அப்படியே ஓடினால் நாலு பேர் குடும்பத்துக்குச் சாப்பாட்டுச் செலவு அறை வாடகையைத் தாண்டும். ஆல்-ஸ்டார் சாதாரண அறையில் சிறிய ஃப்ரிட்ஜ் உண்டு, சமைக்க வழியில்லை. கேம்பிங் இடத்தில் மின்சாரம் இருக்கிறதே, அதில் ரைஸ் குக்கர் ஓடும், இண்டக்‌ஷன் அடுப்பு ஓடும். (ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் குக்கர் இங்கே சரியாகச் சூடேறாது. அமெரிக்காவில் வாங்கியதை எடுத்துக்கொள்ளுங்கள், வெளியில் போடத் தகுந்த தடித்த எக்ஸ்டென்ஷன் வயரும் வேண்டும்.) காலையில் ஒரு குக்கர் சாதம் வைத்தால் போதும். பாதியைத் தயிர் சாதமாகவும் பாதியை எலுமிச்சை சாதமாகவும் கிளறி டப்பாவில் அடைத்துவிடலாம்.

டிஸ்னி பூங்காக்களுக்குள் வெளிச்சாப்பாடு கொண்டுபோக அனுமதி உண்டு. பலர் இது தெரியாமல் வாசலில் வீசிவிட்டுப் போகிறார்கள். விதிகள் சில: சூடாக்கத் தேவையில்லாத சாப்பாடாக இருக்க வேண்டும். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, ஆகவே ஊறுகாயை பாட்டிலோடு எடுக்காமல் சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். உதிரி ஐஸ் கட்டி கூடாது, உறையவைத்த ஐஸ் பேக் மட்டும் போடலாம். தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். குளிர்பானம் ஊற்றிக் கொடுக்கும் கவுண்டர்களில் கேட்டால் ஐஸ் போட்ட தண்ணீர் இலவசமாகத் தருவார்கள்.

டெண்டுக்குத் திரும்பியதும் மிச்சச் சாப்பாட்டை மேசைமேல் விட்டுவிட்டுத் தூங்கப் போய்விடாதீர்கள். ரக்கூன்கள் வரும். ஐஸ் பெட்டி மூடியையே திறக்கத் தெரிந்த விலங்கு அது. எல்லாவற்றையும் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

இனி மாதம். இந்தக் கணக்கில் பலர் சறுக்குவது இங்கேதான். ஊரிலிருந்து பெற்றோர் வருவதும் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை கிடைப்பதும் ஜூன், ஜூலையில். மத்திய ஃபுளோரிடாவில் டெண்டுக்கு மிக மோசமான காலமும் அதுவே. பகலில் 33 டிகிரி, இரவிலும் சராசரியாக 23 டிகிரி வரைதான் இறங்கும், கூடவே கடலோர ஊர்களின் புழுக்கம். சென்னையில் மே மாதம் மின்சாரம் போன இரவை நினைத்துக்கொள்ளுங்கள். அதோடு பல நாட்கள் பிற்பகலில் இடி மின்னலோடு மழை. அமெரிக்காவிலேயே மின்னல் மிகுதியாக விழும் பகுதிகளில் இது ஒன்று. டெண்ட் மின்னலிலிருந்து காக்காது. இடிச் சத்தம் கேட்டவுடன் காருக்குள்ளோ கழிப்பறைக் கட்டடத்துக்குள்ளோ போய்விட வேண்டும். புயல் பருவமும் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. கோடையில்தான் போக முடியும் என்றால் ஹோட்டலே சரி. பகல் முழுக்க வெயிலில் வரிசையில் நின்ற பிள்ளைக்கு இரவில் ஏசி அறைத் தூக்கம் கிடைக்காவிட்டால் மறுநாள் டிக்கெட் காசு வீண்.

நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நிலைமை நேர்மாறு. பகல் இதமாக இருக்கும், மழை குறைவு. ஜனவரி இரவில் சராசரியாக 10 டிகிரி வரை இறங்கும், ஆகவே கம்பளியும் குல்லாவும் வேண்டும். டெண்டுக்கு உகந்த காலம் இதுதான்.

தாத்தா பாட்டியோடு போனால்தான் டெண்ட் மிச்சம் என்று மேலே கணக்கு சொன்னது. அவர்களுக்குத்தான் டெண்ட் கஷ்டமும்கூட. தரையோடு படுத்து எழுந்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். இரவில் இரண்டு முறை எழுந்திருக்கிறவர் ஒவ்வொரு முறையும் டார்ச் எடுத்துக்கொண்டு கழிப்பறைக் கட்டடம் வரை நடக்க வேண்டும். மடக்குக் கட்டில் போட்டு, கட்டடத்துக்கு அருகே இடம் வேண்டும் என்று முன்பதிவில் கேட்டு வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். கேட்டது கிடைக்கும் என்று உறுதி கிடையாது. பெற்றோரிடம் முதலிலேயே ஒளிக்காமல் சொல்லி, அவர்கள் விருப்பத்தைக் கேளுங்கள். "உங்களுக்கு எது சௌகரியமோ அது" என்று அவர்கள் சொன்னால், அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் இருவருக்கும் மட்டும் ஹோட்டலில் ஓர் அறை போட்டாலும் மொத்தச் செலவு இரண்டு அறை எடுப்பதற்குக் கீழேதான் நிற்கும்.

போக்குவரத்தில் ஹோட்டலுக்கு ஒரு படி கூடுதல். ஆல்-ஸ்டார் வாசலில் பஸ் ஏறினால் நேரே பூங்கா. ஃபோர்ட் வில்டர்னஸிலிருந்து மேஜிக் கிங்டத்துக்கு ஏரி வழியாகப் படகு உண்டு. பிள்ளைகளுக்கு அந்தப் படகே ஒரு ரைடு. மற்ற பூங்காக்களுக்கு வளாகத்துக்குள் ஓடும் ஒரு பஸ், பிறகு பூங்கா பஸ் என்று மாறிப் போக வேண்டும், நேரம் பிடிக்கும். வளாகத்துக்குள் நினைத்த இடத்துக்கெல்லாம் சொந்தக் காரை ஓட்ட முடியாது. அதனால் பலர் கோல்ஃப் கார்ட் வாடகைக்கு எடுக்கிறார்கள். அது டெண்டில் மிஞ்சிய காசைத் தின்றுவிடும். நடக்கலாம், அல்லது சைக்கிளைக் காரில் கட்டி வரலாம். டிஸ்னி நடத்தும் தங்குமிடங்களில் தங்குகிறவர்களுக்குப் பூங்காவில் கார் நிறுத்தக் கட்டணம் கிடையாது, தினமும் அரை மணி முன்பே உள்ளே விடுவார்கள். டெண்டில் தங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

வெளியே தங்கினால் இந்த இரண்டும் போய்விடும். 2024இல் பூங்கா பார்க்கிங் நாளுக்கு 30 டாலர். கிளெர்மான்ட்டில் உள்ள லேக் லூயிசா மாநிலப் பூங்காவில் கேம்பிங் வாடகை டிஸ்னியைவிட மிகவும் குறைவு, எனவே 30 டாலரைச் சேர்த்தாலும் பெரும்பாலும் மலிவாகவே முடியும். ஃபுளோரிடா மாநிலப் பூங்காக்களின் கதவு சூரியன் மறைந்ததும் மூடப்படும்; கேம்பிங் செய்கிறவர்களுக்குக் கதவுக்கான எண் தருவார்கள். வாணவேடிக்கை பார்த்துவிட்டு இரவு பதினோரு மணிக்குத் திரும்புகிறவர்கள் அதைப் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் வரும் சிறு குடும்பத்துக்கு என் முதல் பரிந்துரை பக்கத்து ஊரான கிசிமியில் சிறு சமையலறையோடு கூடிய ஹோட்டல் அறை. ரிசார்ட் ஃபீஸ் என்று தனியே ஒரு கட்டணம் ஒளிந்திருக்கிறதா என்று மட்டும் பணம் கட்டுமுன் பாருங்கள்.

டெண்ட் என்று முடிவு செய்தவர்கள் ஒரு நாளைப் பூங்காவே இல்லாமல் விடுங்கள். வளாகத்தில் நீச்சல் குளம் இரண்டு. இரவில் சிப் அண்ட் டேல் அணில் வேடங்கள் வந்து கலந்துகொள்ளும் நெருப்புப் பாட்டுக் கூடுகையும், திறந்த வெளியில் சினிமாவும் இலவசம். டெண்ட் புதிதாக இருந்தால், கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே பிரித்து, ஒரு முறை போட்டு, தையல் ஓரங்களில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒழுகினால் கடையில் மாற்றிக்கொள்ள நேரம் இருக்கும்.