மலையேற்றத்திற் பொறி தவறும் பழைய வண்டி

மாத்தளையிலிருந்து எல்கடுவ நோக்கி ஏறும் பாதை பழைய மோட்டார் வண்டிகளுக்கு ஒரு பரீட்சைக்களம் எனலாம். கடைத்தெருவிற் குறையேதுமின்றி ஓடிய வண்டி, தேயிலைச் சரிவுகளினூடே வளைந்தேறத் தொடங்கியதும் குலுங்கித் தடுமாறும். சமதரையை அடைந்ததும் ஏதும் அறியாததுபோல் ஓடும். கராஜுக்குக் கொண்டுசென்றால் அங்கே குறை வெளிப்படுவதில்லை. ஆயினும் பிளக்குகள் மாற்றப்படும், கொயில் மாற்றப்படும், காபரேற்றர் கழற்றிக் கழுவப்படும். பணம் செலவாகுமேயன்றிக் குறை நீங்காது. குறுகிய வளைவொன்றில், மூடுபனியினிடையே, வலுவிழந்து நிற்கும் வண்டி பணத்தினும் பெரியதோர் இடராகும்.

இலங்கைத் தெருக்களில் இன்றும் காணப்படும் மொறிஸ் மைனரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த இவ்வண்டி 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி ஒழிந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ருவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் உள்ள வண்டியைப் பேணுதல் பலருக்கு விருப்பமன்று, கட்டாயமாகவே இருந்தது.

இவ்வண்டியின் நான்கு உருளைகளும் ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்னும் முறையிற் பொறி பெறுகின்றன. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது வினாடிக்கு நூறு பொறிகள் வேண்டும். அவற்றுட் சில தவறினாலும் ஓட்டுபவர் உடலால் உணர்வார். எரியாத பெற்றோல் உருளைச் சுவரின் எண்ணெயைக் கழுவிவிடும் என்பதால், பொறுத்துக்கொண்டு ஓட்டுவதும் தகாது.

ஏற்றத்திலே மட்டும் குறை தோன்றுவது ஏன்? நிறுத்திவைத்து ஓட்டும்போது உருளையினுட் புகும் கலவை சிறிது. அதன் அமுக்கமும் குறைவு. ஆதலின் வலிகுன்றிய மின்னும் பிளக்கின் இடைவெளியைத் தாண்டிவிடும். ஏற்றத்தில் மிதியை முழுவதும் அழுத்தும்போது கலவை நிறைந்து அமுக்கம் மிகும்; அதனூடே பொறி பாய உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். கராஜின் தரையில் நன்றாய்த் தெறித்த பொறி மலையிலே தோற்பது இதனாலேதான். எனவே மெக்கானிக்கர் முதலிற் கையிலெடுக்க வேண்டியது திருகுசாவியன்று, வினாவாகும். ஏற்றத்தில் மட்டுமா, மழையிலுமா? எஞ்சின் சூடேறிய பின்னா, தொடக்கத்திலேயா? சடுதியாக வெட்டுகின்றதா, மெல்லத் தளர்கின்றதா? சடுதியாக வெட்டுமாயின் மின்சுற்றையும், மெல்லத் தளருமாயின் பெற்றோல் வரும் வழியையும் முதலில் ஐயுறுதல் தகும்.

அடுத்து, தவறுவது ஓர் உருளையா, பலவா என அறிதல் வேண்டும். எஞ்சின் மெல்ல ஓடும்போது, மின் தாக்காதவாறு காப்பிட்ட கருவியால், பிளக்குக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுக. எதனைக் கழற்றியும் ஓட்டம் மாறவில்லையோ அவ்வுருளையே வாளாவிருப்பது. அதன் பிளக்கை வேறோர் உருளைக்கு மாற்றினாற் குறையும் உடன் செல்லுமாயின் பிளக்கே காரணம். செல்லாவிடிற் கம்பியை மாற்றிப் பார்க்கலாம். இவ்வாறு இடம் மாற்றிச் சோதிப்பதற்குச் செலவேயில்லை என்பது கவனிக்கத்தக்கது. அதன் பின்னரும் குறை அங்கேயே நிற்குமாயின், அமுக்கமானியால் அவ்வுருளையை அளக்க வேண்டும். குறைந்து காட்டினால் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தால், அளவு உயருமிடத்துப் பிஸ்டன் வளையங்களும், உயராவிடத்து வால்வுகளும் ஐயத்துக்குரியன. அடுத்தடுத்த இரண்டு உருளைகள் ஒருங்கே தாழ்ந்தால், அவற்றிடையே கஸ்கெற் எரிந்திருத்தல் கூடும்.

பல உருளைகளும் மாறிமாறித் தவறுமாயின், எல்லாவற்றுக்கும் பொதுவான உறுப்புகளையே நாட வேண்டும். டிஸ்ரிபியூற்றரின் மூடியில் மயிரிழையளவான வெடிப்பு இருப்பின் ஈரத்தில் மின் அதன் வழியே கசியும். இரவில், விளக்கணைத்து, மூடியின்மேற் சிறிது நீரைத் தூவினால் நீலப்பொறி ஊர்வதைக் கண்ணாலேயே காணலாம். பனி சூழ்ந்த எல்கடுவப் பாதையிற் செல்வோர்க்கு இச்சோதனை பெரிதும் பயன்படும்.

பலரை ஏமாற்றுவது மற்றொன்று. டிஸ்ரிபியூற்றரினுள்ளே பொயின்றுகளைத் தாங்கும் தட்டு, எஞ்சினின் வெற்றிட இழுப்புக்கேற்பச் சற்றே திரும்பும். அதனோடிணைந்த சிறு கம்பி பல்லாண்டுகள் வளைந்து வளைந்து, உறை சிதையாமலே உள்ளே அறுந்துபோதல் உண்டு. மிதியை அழுத்தியதும் தட்டு திரும்பும், கம்பியின் முனைகள் விலகும், பொறி நிற்கும். மிதியைத் தளர்த்தியதும் முனைகள் மீண்டும் கூடும். சில ரூபாக் கம்பியொன்றுக்காக எத்தனை கொயில்கள் வீணே மாற்றப்பட்டனவோ! கண்டென்சரும் இத்தன்மைத்தே, குளிர்ந்தபோது நன்றாயிருந்து சூட்டிலே கெடும். புதிதாய் வாங்கியதென்பதனால் அதனை ஐயத்தினின்று நீக்கிவிடலாகாது. மலிவான புதுப் பொருள்கள் பழையவற்றினும் விரைவிற் கெடுவதுண்டு.

மின்சுற்றிற் குறையில்லாதவழி வால்வுகளை நோக்குக. ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இல் ஒழிக்கப்பட்டது. பொதுநலத்துக்கு அது நன்றே. ஆனால் அக்காலத்து எஞ்சின்களில் ஈயத்தின் படிவே புகைவால்வின் இருக்கையைத் தேயாது காத்துவந்தது. இப்போது இருக்கை தேய, வால்வு உள்ளே அமிழ்கின்றது, 0.012 அங்குலமாக இருக்கவேண்டிய இடைவெளி சுருங்குகின்றது. நெடிய ஏற்றத்திற் சூடேறி நீண்ட வால்வு முற்றும் மூடாது, அமுக்கம் கசியும், பின்னர் வால்வே எரியும். இடைவெளியை அடிக்கடி அளந்து திருத்துவது தற்காலிக ஆறுதலே. எஞ்சின் தலையைக் கழற்றிக் கடினப்படுத்திய எஃகு இருக்கைகளைப் பொருத்தினால், அவ்வண்டி பின்னும் பல்லாண்டு மலையேறும்.