காவிரியின் நீர்நாய்

திருச்சியிலிருந்து கரூர் சாலையில் மேற்கே போனால் முத்தரசநல்லூர், ஜீயபுரம், திருப்பராய்த்துறை என்று காவிரியின் தென்கரை ஊர்கள் ஒவ்வொன்றாக வரும். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் உய்யக்கொண்டான் வாய்க்கால், நடுவே வாழையும் நெல்லும். காட்டு விலங்கு என்றதும் நம் நினைவு முதுமலைக்கும் ஆனைமலைக்கும் ஓடுகிறது. ஆனால் இப்படி வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஆற்றிலும் குடியிருக்கக் கூடிய காட்டு விலங்கு ஒன்று உண்டு. அதுதான் நீர்நாய்.

குறுந்தொகையிலும் ஐங்குறுநூற்றிலும் வாளை மீனை இரையாகப் பெறும் நீர்நாய் வருகிறது. அந்தப் பாடல்கள் மருதத் திணையைச் சேர்ந்தவை. மருதம் வயலும் வயல் சார்ந்த நிலமும். நம் முன்னோர் நீர்நாயை ஊருக்கு அருகில் வாழும் உயிராகவே பார்த்திருக்கிறார்கள்.

இந்தியாவில் நீர்நாய்கள் மூன்று வகை. சமவெளி ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழ்வது வழுவழுப்பான தோல் கொண்ட வகை. காவிரியில் இருப்பதும் இதுவே. எடை 7 முதல் 11 கிலோ வரை இருக்கும். நாய் என்று அழைத்தாலும் இது நாய்க் குடும்பம் அல்ல. நீலகிரி மரநாய்க்கு உறவு.

இதன் உடம்பு முழுக்க நீருக்காகவே அமைந்தது. விரல்களுக்கு இடையே சவ்வு. தட்டையான, வலுவான வால் துடுப்புப் போல நீரைத் தள்ளும். முழுகும்போது காதும் மூக்கும் மூடிக்கொள்ளும். வெள்ளம் கலங்கி வரும் நாளில் கண்ணால் பயனில்லை. அப்போது மீசை மயிர்களே மீனின் அசைவை உணர்ந்து சொல்லும். திமிங்கிலத்துக்கு இருப்பது போன்ற தடித்த கொழுப்பு இதற்குக் கிடையாது. நெருக்கமான அடிமயிரில் சிக்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. அதனால் கரையேறியதும் மணலில் புரண்டு, மயிரைக் கோதி உலர்த்துகிறது. உடல் சூட்டைக் காக்க நிறையத் தின்னவும் வேண்டியிருக்கிறது.

தாய், தகப்பன், குட்டிகள் என்று இவை குடும்பமாகவே வாழும். வேட்டையும் கூட்டு வேட்டைதான். வரிசை கட்டி நீந்தி மீன்களை ஒதுக்கி மடக்கும். பிறக்கும்போது குட்டிக்குக் கண் திறந்திருக்காது, நீந்தவும் தெரியாது. கரையோர வேர்களுக்கும் பாறைகளுக்கும் இடையிலுள்ள வளையில் வளர்ந்து, நீச்சலைப் பெரியவற்றிடம் கற்கிறது. வங்கதேசத்து மீனவர்கள் சிலர் நீர்நாய்களைப் பழக்கி, மீனை வலைக்குள் விரட்டச் செய்வது தலைமுறைகளாக வந்த தொழில்.

நீர்நாயை நேரில் காண்பது அரிது. தடயத்தைக் காண்பது எளிது. மணல் திட்டிலோ பாறை மேலோ குறிப்பிட்ட ஓரிடத்தில் கூட்டமாக எச்சமிடும். மீன் செதிலும் நண்டு ஓடும் கலந்து, கவிச்சி வீசும். அந்த எச்சமே மற்றக் கூட்டங்களுக்கு நீர்நாய் விடும் அறிவிப்பு.

ஓர் ஆற்றில் நீர்நாய் தங்குகிறது என்றால் அங்கே மீன் இருக்கிறது, மறைவுக்கு நாணல் இருக்கிறது, வளைக்குக் கரை இருக்கிறது என்று பொருள். மணல் அள்ளிக் கரையைச் சரித்தால், சாக்கடையை ஆற்றில் விட்டால், முதலில் அற்றுப்போவது இதுதான். உலக அளவில் இது அழியக்கூடிய நிலையில் உள்ள இனம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதை வேட்டையாடுவது குற்றம்.

திரும்ப வருமா என்று கேட்பவர்களுக்குச் சிங்கப்பூர் பதில் சொல்கிறது. 1977-இல் தொடங்கிப் பத்து ஆண்டுகள் அங்கே ஆற்றைச் சுத்தம் செய்தார்கள். பிற்பாடு இதே இன நீர்நாய்கள் தாமாகவே வந்து சேர்ந்தன. இன்று நகரத்தின் நடுவே குட்டிகளோடு நீந்துகின்றன.

அங்கே முடிந்தது காவிரியிலும் முடியும். காப்புக் காடு என்று வேலி போட்டு நீர்நாயைக் காக்க முடியாது. அது நம் படித்துறையை ஒட்டி வாழ்வது. கரை நாணலைக் கொளுத்தாமல் விடுவது, கிழிந்த வலையை ஆற்றில் போடாமல் எடுத்து வருவது, கண்ணில் பட்டால் கல்லெறியாமல் வனத்துறைக்குச் சொல்வது ஆகிய மூன்றும் கரையோர ஊரார் ஒவ்வொருவராலும் ஆகக்கூடியவை.