அருவியில் தடை போட்டால் என்ன?

தமிழ்நாட்டின் பெரும்பகுதி வெயிலில் காயும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் குற்றாலத்தில் சீசன். ஆரியங்காவு கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நுழைவதால் தென்காசி வட்டாரத்தில் சாரல் விட்டுவிட்டுத் தூறும். மலைமேல் மழை கனத்தால் பேரருவியில் வெள்ளம் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டும். குளிக்கத் தடை வரும். உடனே பெட்டியைக் கட்டுவது அவசரபுத்தி.

ஊருக்குள்ளேயே சித்திரசபை இருக்கிறது. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான இங்கு இறைவன் சிலையாக இல்லை, ஓவியமாகவே ஆடுகிறார். சுவர் முழுக்கப் புராணக் காட்சிகள். உள்ளே வெளிச்சம் குறைவு. கண் பழகும்வரை நின்று பார்த்தால்தான் வண்ணங்கள் தெளியும். அரைநாள் ஒதுக்கலாம். பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய தென்காசி விசுவநாதர் கோயிலும் பக்கம்தான்.

மழைக்கென்றே அமைந்த பயணம் செங்கோட்டை–புனலூர் ரயில். குகைகள், பதின்மூன்று கண் பாலம், சன்னலுக்கு வெளியே நனைந்த காடு எனப் பொழுது போவது தெரியாது. பசித்தால் பிரானூர் பார்டர் பரோட்டாவும் நாட்டுக்கோழியும்.

சீக்கிரம் உலரும் உடுப்பும் வழுக்காத செருப்பும் போதும். வெள்ளம் தணிந்ததும் தடை விலகும். அருவிக்கு அருவி நிலைமை மாறும் என்பதால், கிளம்புமுன் விசாரித்துக்கொள்வது நல்லது.