பெட்டியும் சாவியும்: சினிமாவில் தொழில்நுட்பப் புணர்ச்சி

தமிழில் சினிமா பற்றி எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் கதையோடு நின்றுவிடுகின்றன. சாதி எப்படிச் சித்தரிக்கப்படுகிறது, பெண்ணுடல் எப்படிக் காட்டப்படுகிறது, நாயகன் பேசும் அரசியல் யாருடையது என்று பிரதியைக் கட்டுடைக்கிறோம். செய்ய வேண்டியதுதான். ஆனால் அந்தப் பிரதி எந்த வழியாக நம் ஊர்த் திரைக்கு வந்தது, வருவதற்கு முன்பே நம் காதுக்குள் எப்படிப் புகுந்தது என்கிற கேள்வியை ‘அது வியாபார விஷயம்’ என்று வசூல் கணக்கு எழுதுகிறவர்களிடம் விட்டுவிட்டோம். அந்த வியாபார விஷயத்தைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

ஊடகவியல் பாடப்புத்தகங்களில் கன்வர்ஜென்ஸ், சினர்ஜி என்று இரண்டு சொற்கள் சேர்ந்தே வரும். ஃபிலிம், ஒலிநாடா, தொலைக்காட்சி அலை, தொலைபேசிக் கம்பி என்று தனித்தனியாகக் கிடந்தவை ஒரே டிஜிட்டல் தடத்துக்குள் வந்து சேர்வது முதலாவது. ஒரே முதலாளியின் பல கிளைகள் ஒன்றின் சரக்கை இன்னொன்று தூக்கிவிட்டு, தனித்தனியே சம்பாதிப்பதைவிட அதிகமாகச் சம்பாதிப்பது இரண்டாவது. முன்னது கருவி சம்பந்தப்பட்டது, பின்னது உடைமை சம்பந்தப்பட்டது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும்போதுதான் கருத்தியல் வேலை செய்யத் தொடங்குகிறது. தொழில்நுட்பம் வளர்ந்தால் உடைமையும் இப்படித்தான் ஒரு கைக்குள் சேரும், மழை பெய்கிற மாதிரி இது இயற்கை என்பதாக ஆகிவிடுகிறது.

கன்வர்ஜென்ஸுக்குத் தமிழில் குவிதல், ஒருங்கிணைவு என்றெல்லாம் எழுதுகிறார்கள். நான் புணர்ச்சி என்பேன். வகுப்பில் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சொல்தான், பரவாயில்லை. நிலைமொழியும் வருமொழியும் சேரும்போது வரும் விகாரம் மூன்று என்கிறது நன்னூல்: தோன்றல், திரிதல், கெடுதல். பூவும் கொடியும் சேர்ந்தால் பூங்கொடி, ஓர் எழுத்து புதிதாக வந்துவிடுகிறது. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம். மரமும் வேரும் சேர்ந்தால் மரவேர், இதில் ஒரு மகரம் காணாமல் போய்விட்டது. ஊடகங்களின் சேர்க்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் தோன்றியதை விரிவாகச் சொல்கிறார்கள், திரிந்ததையும் ஓரளவு சொல்கிறார்கள். கெட்டது என்ன என்று கேட்பதில்லை.

சேர்க்கையே புதுசா என்றால், இல்லை. ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடிக் கடையில் கிராமபோன் தட்டு விற்றவர். பிறகு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் பங்குதாரர்களில் ஒருவராகத் தட்டு வெளியிட்டவர். அவருடைய முதல் படமான ‘அல்லி அர்ஜுனா’ 1935இல் சரஸ்வதி சவுண்ட் புரொடக்ஷன்ஸ் பெயரில்தான் வந்தது. ஆக, தட்டுக் கடைதான் ஸ்டூடியோவாக வளர்ந்தது. தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம், இலங்கை வானொலி, ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரம், 1984இல் ‘விதி’ படத்தின் நீதிமன்ற வசனம் டீக்கடை டீக்கடையாக ஓடிய காசெட் என்று படம் எப்போதும் திரைக்கு வெளியிலும் நடமாடியிருக்கிறது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை வேறு வேறு கைகளில் இருந்தன. டீக்கடைக்காரர் ‘விதி’ காசெட்டைப் போட்டது அவர் வாடிக்கையாளர் கேட்டதால்தான். தயாரிப்பாளர் சொல்லி அவர் போடவில்லை.

இனி பெட்டிக்கு வருவோம். ‘பெட்டி வந்தாச்சா?’ என்பது தியேட்டர் வாசலில் ஒரு காலத்து முதல் கேள்வி. பிரிண்ட் போடுவது செலவு பிடித்த காரியம். அதனால் எண்ணி எண்ணித்தான் போடுவார்கள். முதலில் ஏ சென்டர் எனப்படும் பெரிய நகரங்கள், பிறகு பி, கடைசியாக மழைக்கோடு விழுந்த தேய்ந்த பிரிண்டோடு சி சென்டர். பக்கத்துப் பக்கத்து ஊர்த் தியேட்டர்கள் ஒரே பிரிண்டை வைத்துக்கொண்டு, இங்கே ஓடி முடிந்த ரீலைச் சைக்கிளில் அங்கே கொண்டு ஓடியதும் உண்டு. இந்த முறையில் நியாயம் எதுவும் கிடையாது. கிராமத்துக்காரனுக்கு நகரத்தின் எச்சில்தான் கிடைத்தது. ஆனால் அந்தத் தாமதத்துக்குள் ஒரு காரியம் நடந்தது. படம் மெதுவாக நகர்ந்ததால், படத்தைப் பற்றிய பேச்சு படத்துக்கு முன்னால் நடந்து போக முடிந்தது.

1999 டிசம்பரில் வந்த ‘சேது’ இதற்குச் சரியான சான்று. வாங்க ஆளில்லாமல் கிடந்த படம். சென்னையில் புறநகர்த் தியேட்டர் ஒன்றில் பகல் காட்சி மட்டும் என்று தொடங்கியது. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி நகரின் பிற தியேட்டர்களுக்குப் பரவி நூறு நாளைத் தாண்டியது. பாலா, விக்ரம் என்று இன்று நாம் சொல்லும் பெயர்களின் பின்னால் அந்தப் பகல் காட்சி இருக்கிறது.

2005 வாக்கில் சென்னையின் ரியல் இமேஜ் நிறுவனம் ‘க்யூப்’ என்கிற டிஜிட்டல் திரையிடலைக் கொண்டுவந்தது. பெட்டி போய் வன்தட்டு வந்தது. பிறகு சில ஊர்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகவே படம் இறங்கியது. தியேட்டரின் சர்வரில் படம் பூட்டிக் கிடக்கும். எந்தத் திரையில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஓடலாம் என்பதை ஒரு மின்னணுச் சாவி தீர்மானிக்கும். பிரதி எடுக்க ஏறக்குறையச் செலவே இல்லை என்றானதும் எல்லா ஊரிலும் ஒரே நாளில் வெளியீடு என்பது சாத்தியமானது. சி சென்டர்க்காரனும் முதல் நாளே தெளிவான படம் பார்க்கிறான். இது தோன்றல்தான், மறுக்கவில்லை.

ஆனால் இதோடு கணக்கே திரிந்துபோகிறது. எல்லாத் திரையிலும் ஒரே நாளில் இறங்கினால் பணத்தை முதல் மூன்று நாளில் எடுத்தாக வேண்டும், அடுத்த வெள்ளிக்கிழமை அடுத்த படம் வரிசையில் நிற்கிறது. மூன்று நாளில் எடுக்க வேண்டுமானால், ஒருத்தரும் பார்க்காதபோதே எல்லோரும் பார்க்கத் துடிக்க வேண்டும். அனுபவத்திலிருந்து பிறக்கும் பேச்சுக்கு இங்கே நேரம் கிடையாது. அனுபவத்துக்கு முன்பே பேச்சைத் தயாரித்துவிட வேண்டும். அப்போது யாரிடம் அதிக வாய்கள் இருக்கின்றனவோ அவரே ஜெயிப்பார். டிஜிட்டல் திரையிடலும் ஊடகக் குழுமங்கள் படத்துறையில் இறங்கியதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்ததை நான் தற்செயலாகப் பார்க்கவில்லை.

சன் குழுமத்தை எடுத்துக்கொள்வோம். 1993இல் சன் டிவி. பிறகு கேபிள் விநியோகம், பண்பலை வானொலி, 2005இல் ‘தினகரன்’ கைமாறி வந்தது, வீட்டுக் கூரைக்கு டிடிஎச் தட்டு. 2008இல் சன் பிக்சர்ஸ் வெளியிட்ட முதல் படம் ‘காதலில் விழுந்தேன்’. பெரிய நட்சத்திரம் கிடையாது. ஆனால் அதன் குத்துப் பாட்டை அந்த வருடம் கேட்காமல் தப்பித்தவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. தொலைக்காட்சியை ஒரு ‘ஓட்டம்’ என்றார் ரேமண்ட் வில்லியம்ஸ், 1974இல். நிகழ்ச்சி, விளம்பரம், செய்தி என்று தனித்தனியாக அல்லாமல் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஓடுவதே அதன் வடிவம் என்பது அவர் கருத்து. சன்னில் அந்த ஓட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. படத்தைத் தயாரிப்பவரும் விளம்பரம் போடுபவரும் வாரத்தின் முதல் பத்துப் படங்களைத் தரவரிசைப்படுத்துபவரும் ஒரே வீட்டுக்காரர். சொந்தப் படத்துக்குத் தானே முதலிடம் கொடுத்துக்கொள்வதை அப்போது ஊரே கேலி பேசியது. கேலி பேசிக்கொண்டே டிக்கெட் எடுத்தது என்பது வேறு விஷயம்.

இந்த அமைப்பின் உச்சம் 2010 அக்டோபர் 1 அன்று வந்த ‘எந்திரன்’. வேறு நிறுவனங்கள் தொடங்கிய படம் சன்னிடம் வந்து சேர்ந்தது. கோலாலம்பூரில் பாடல் வெளியீடு, முன்னோட்டத்துக்குத் தனி விழா, படம் உருவான விதம் பற்றி நிகழ்ச்சி, எல்லாம் சன்னின் அலைவரிசையில். படத்தைச் சந்தைப்படுத்தும் நிகழ்ச்சிகளே விற்கத்தக்க நிகழ்ச்சிகளாகி, அவற்றுக்கு நடுவிலும் விளம்பரம் ஓடியது. படத்தின் இறுதிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒரே முகம், நூற்றுக்கணக்கான உடல்கள், ஒரே கட்டளை. அவை பந்தாகின்றன, பாம்பாகின்றன, ராட்சதனாகின்றன, எந்த வடிவம் எடுத்தாலும் அதே முகம்தான். ஷங்கர் இதை யோசித்துச் செய்தாரா என்பது எனக்குப் பொருட்டல்ல. தான் விநியோகிக்கப்படும் விதத்தைத் தன் கதைக்குள்ளேயே படமாக்கிக் காட்டிய பிரதி என்று ‘எந்திர’னை வாசிக்கலாம். ஒரு வித்தியாசம்: கதையில் அது வில்லத்தனம் என்று பெயரிடப்படுகிறது.

வீடு இல்லாதவர் இதே தொழில்நுட்பத்தைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு ‘விஸ்வரூபம்’. 2013 ஜனவரியில், தியேட்டருக்கு முந்தின இரவே ஆயிரம் ரூபாய் கட்டணத்தில் டிடிஎச் வழியாக வீட்டில் பார்க்கலாம் என்று கமல்ஹாசன் அறிவித்தார். திரையரங்க உரிமையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். திட்டம் தள்ளிப்போனது. அதற்குள் முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்பும் மாநில அரசின் தடையும் குறுக்கிட, தமிழ்நாட்டில் படம் பிப்ரவரி 7 அன்றுதான் வந்தது. தடையைப் பற்றி நிறையப் பேசினோம். முதலில் எழுந்த சண்டை, அதாவது வீட்டுத் திரைக்கான வழி யார் கையில் என்கிற சண்டை, அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. 2018இல் அது வேறு வடிவில் திரும்பி வந்தது. டிஜிட்டல் திரையிடல் நிறுவனங்கள் வாங்கும் கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர்கள் மார்ச் 1 முதல் புதுப்படங்களை நிறுத்தினார்கள். ஏப்ரல் 20 அன்றுதான் மீண்டும் படம் வந்தது. புரொஜெக்டர் வாங்கிய முதலீட்டை ஈடுகட்ட வந்த கட்டணம் எத்தனை வருடத்துக்கு என்பதுதான் தகராறு. பெட்டி இருந்த காலத்தில் பிரிண்ட் தயாரிப்பாளருடையது. இப்போது படம் அவருடையது, சாவி இன்னொருவருடையது.

ஆனால் இன்று கையடக்கத் தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் விமர்சகர்தானே, 2024இல் ‘லப்பர் பந்து’ வாய்வழியாகத்தானே வளர்ந்தது என்று கேட்கலாம். உண்மைதான், வழி முழுக்க அடைபடவில்லை. ஆனாலும் அந்தப் படத்துக்கும் முதல் வாரம் போதுமான திரைகள் கிடைத்தன. ‘சேது’ மாதிரி ஒரு பகல் காட்சியிலிருந்து கிளம்புகிற படத்துக்கு இன்றைய சாவி எத்தனை நாள் திறந்திருக்கும்? நான் கெடுதல் என்று சொன்னது இந்த நாள்களைத்தான்.

அந்த நாள்களை இப்போது ஓடிடி ஒப்பந்தங்கள் எண்ணுகின்றன. 2020 மே 29 அன்று ‘பொன்மகள் வந்தாள்’ தியேட்டரைத் தொடாமலே அமேசானில் வந்தபோது, சூர்யா தரப்புப் படங்களைத் திரையிட மாட்டோம் என்று உரிமையாளர்கள் மிரட்டினார்கள். அந்த மிரட்டல் நிலைக்கவில்லை. 2023இல் ‘லியோ’வின் இந்திப் பதிப்பைப் பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் திரையிடவில்லை. ஓடிடிக்கு முன் எட்டு வார இடைவெளி வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை, தயாரிப்பாளர் ஒத்துக்கொண்டிருந்தது நான்கு. 2024 நவம்பரில் ரிலையன்ஸும் டிஸ்னியும் தம் இந்தியத் தொலைக்காட்சி, ஓடிடித் தொழில்களை ஜியோஸ்டார் என்று ஒன்றாக்கின. விஜய் டிவி அதற்குள் இருக்கிறது. படம் தயாரிக்கும் ஜியோ ஸ்டூடியோஸும், படத்தைத் தொலைபேசிக்குக் கொண்டுவரும் அலைவரிசையும் அதே ரிலையன்ஸிடம்தான் இருக்கின்றன. இவர்கள் தயாரிக்கும் ஒரு படத்தைப் பற்றி இவர்கள் சேனலில் ஒரு விமர்சன நிகழ்ச்சி வந்தால், அதை என்ன பெயரிட்டு அழைப்பது என்று நாம் இன்னும் பேசத் தொடங்கவில்லை.