‘விபத்தில்லா நாட்கள்’ பலகையை எவ்வளவு நம்பலாம்?

பெரிய தொழிற்சாலைகள் பலவற்றின் வாசலில் ஒரு பலகை இருக்கும். கடைசி விபத்து நடந்து இத்தனை நாட்கள் ஆகிவிட்டன என்று அதில் ஒரு எண். தினமும் ஒன்று கூடும். யாருக்காவது அடிபட்டால் பூஜ்யத்துக்குத் திரும்பும். பார்க்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் பல நாடுகளில் ஆலை வைத்திருக்கும் கம்பெனிகளில் நடந்த பெரிய விபத்துகளைப் பற்றிப் படிக்கப் படிக்க, இந்த எண் மேல் எனக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போகிறது. ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். ‘சேஃப்டி கல்ச்சர்’, அதாவது பாதுகாப்புப் பண்பாடு, என்று இன்று எல்லா நிறுவனங்களும் பேசுகின்றன. 1986-ல் செர்னோபில் அணு உலை வெடித்த பிறகு, சர்வதேச அணுசக்தி முகமையின் நிபுணர் குழு எழுதிய அறிக்கை வழியாகத்தான் இந்தச் சொல் பரவியது. விதிப்புத்தகம் எல்லா இடத்திலும் இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது இல்லையா? ராத்திரி ஷிப்டில், அதிகாரி யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில், உற்பத்தியும் பின்தங்கிக் கிடக்கும்போது, ஒரு ஆபரேட்டர் என்ன செய்வார் என்பதுதான் கேள்வி. “ஏதோ சரியில்ல, நிறுத்திடலாம்” என்பாரா? அல்லது “நமக்கெதுக்கு வம்பு” என்று நகர்ந்துவிடுவாரா? அந்தப் பதிலைத்தான் பண்பாடு என்கிறோம்.

இனி எண்ணுக்கு வருவோம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் பிபி நிறுவனத்தின் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருந்தது. 2004-ல் அங்கே பதிவான காயங்களின் விகிதம் அந்த ஆலையின் வரலாற்றிலேயே மிகக் குறைவு. அதே 2004-ல்தான் அங்கே 3 பேர் செத்தும் போனார்கள். இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும்? அந்த விகிதம் எத்தனை சம்பவங்கள் பதிவாயின என்று மட்டும்தான் எண்ணும். விரலில் வெட்டுக்காயமும் ஒன்று, உயிர் போனாலும் ஒன்று. 2005 ஜனவரியில் ஒரு ஆலோசனைக் குழு ஊழியர்களிடம் பேசி அறிக்கை கொடுத்தது. இன்றைக்கு நாம் செத்துவிடக்கூடும் என்ற பயத்தோடு ஆட்கள் வேலைக்கு வருகிறார்கள் என்பதே அதன் சாரம்.

இரண்டு மாதம் கழித்து, மார்ச் 23 அன்று, ஒரு கோபுரத்துக்குள் திரவம் அளவுக்கு மீறி ஏறியது. மட்டம் காட்டும் கருவி தவறாகக் காட்டியது. அடிக்க வேண்டிய ஒரு எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. வழிந்து வெளியே வந்தது ஆவியாகிப் பரவித் தீப்பற்றியது. 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். இறந்த 15 பேரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். வேறு வேலைக்காக வந்து, பக்கத்தில் நிறுத்தியிருந்த தற்காலிக டிரெய்லர் அறைகளிலும் அவற்றைச் சுற்றியும் இருந்தவர்கள்.

முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் தலைமையில் ஒரு குழு இதை ஆராய்ந்து 2007 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. தனிநபர் காயங்கள் குறைந்ததைப் பார்த்து ஆலையே பாதுகாப்பாக இருக்கிறது என்று நிறுவனம் தப்பாக எடுத்துக்கொண்டது என்பது அதன் முக்கியமான முடிவுகளில் ஒன்று. வழுக்கி விழுவதைத் தடுக்கிற விஷயம் வேறு, கோபுரம் வழிவதைத் தடுக்கிற விஷயம் வேறு. ஹெல்மெட், சேஃப்டி ஷூ எல்லாம் முதலாவதற்கு உதவும். இரண்டாவதற்கு வால்வு, கருவி, பராமரிப்பு, அதற்குச் செலவழிக்கிற பணம் வேண்டும்.

சரி, பாடம் படித்தாகிவிட்டதா? 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் பிபிக்காக எண்ணெய்க் கிணறு தோண்டிக்கொண்டிருந்த டீப்வாட்டர் ஹொரைசன் மேடைக்கு உயரதிகாரிகள் வந்திருந்தார்கள். வேலைநாள் இழக்கும்படியான காயம் ஒன்றுகூட இல்லாமல் 7 ஆண்டுகள் ஓட்டியதற்குப் பாராட்டுவதும் அந்தப் பயணத்தின் ஒரு நோக்கம். அன்று இரவே மேடை வெடித்தது. 11 பேர் இறந்தார்கள்.

எண் பொய் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த எண்ணோடு போனஸ், பரிசு, பதவி உயர்வு எல்லாம் கட்டிவைக்கப்படும்போது, காயத்தைக் குறைப்பதைவிடக் காயத்தைக் கணக்கில் வராமல் செய்வது சுலபம். கையில் கட்டுப் போட்ட ஆளை மறுநாளே வரச்சொல்லி ஒரு நாற்காலியில் உட்காரவைத்தால் போதும், ‘வேலைநாள் இழப்பு’ இல்லை. பலகையில் எண் ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் எண்ணையே தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம் என்பதற்கு அல்கோவா ஒரு உதாரணம். 1987-ல் அந்த அலுமினிய நிறுவனத்துக்குத் தலைவராக வந்த பால் ஓ’நீல், முதலீட்டாளர்களிடம் பேசிய முதல் கூட்டத்திலேயே லாபத்தைப் பற்றிப் பேசாமல் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். யாருக்கு அடிபட்டாலும், அந்தப் பிரிவின் தலைவர் 24 மணி நேரத்துக்குள் நேரடியாக அவரிடம் சொல்ல வேண்டும். மறுபடி நடக்காமலிருக்க என்ன திட்டம் என்றும் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்தில் தலைவருக்குச் சொல்ல வேண்டுமென்றால், பிரிவுத் தலைவருக்கு அதைவிடச் சீக்கிரம் தெரிந்தாக வேண்டும். அவருக்குத் தெரிய வேண்டுமென்றால் சூப்பர்வைசர் உடனே சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு விதி, கீழிருந்து மேல்வரை செய்தி போகிற பாதையையே திறந்துவிட்டது. தன் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் தொழிலாளர்களுக்குக் கொடுத்தார். காயத்தால் வேலைநாள் இழந்தவர்களின் விகிதம் நூற்றுக்கு 1.86 ஆக இருந்தது, 2000 வாக்கில் 0.2 ஆனது.

ஆனால் எனக்கு இந்த எண்ணைவிட 1996-ல் நடந்தது முக்கியமாகப் படுகிறது. அந்த ஆண்டுப் பங்குதாரர் கூட்டத்தில் ஒரு கன்னியாஸ்திரீ எழுந்து, மெக்சிகோவின் அகுன்யா நகர ஆலையில் நச்சுப்புகையால் தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டதாகச் சொன்னார். விசாரித்தால், சம்பவம் உண்மை. புகை சேர்ந்து ஆட்கள் உடம்புக்கு முடியாமல் போயிருந்தார்கள், பிறகு தேறியும் விட்டார்கள். உள்ளூரில் சரிசெய்தும் ஆகிவிட்டது. தலைமையகத்துக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. நிறுவனத்தில் நீண்ட காலம் இருந்த, நல்ல வருமானம் காட்டிய அந்தப் பிரிவின் தலைவரை ஓ’நீல் வேலையிலிருந்து நீக்கினார். விபத்து நடந்ததற்காக அல்ல, அதைச் சொல்லாமல் விட்டதற்காக.

இதைப் போபாலோடு வைத்துப் பாருங்கள். 1984 செப்டம்பரில் யூனியன் கார்பைடின் அமெரிக்க நிபுணர்கள், மேற்கு வர்ஜீனியாவில் இன்ஸ்டிட்யூட் என்ற ஊரிலிருந்த தங்கள் ஆலையில் மீத்தைல் ஐசோசயனேட் தொட்டியில் கட்டுக்கடங்காத வேதிவினை ஏற்படக்கூடும் என்று உள்ளறிக்கை எழுதினார்கள். அதே வேதிப்பொருளைத் தொட்டியில் வைத்திருந்த போபால் ஆலைக்கு அந்த அறிக்கை போகவில்லை. டிசம்பர் 2 இரவு போபாலில் தண்ணீர் தொட்டிக்குள் புகுந்து அதே மாதிரி வினைதான் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அந்த உள்ளறிக்கையை 1985 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் வெளியிட்ட பிறகுதான் வெளியுலகத்துக்கே தெரிந்தது. அகுன்யாவில் செய்தி கீழிருந்து மேலே போகவில்லை. இங்கே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகவில்லை.

பன்னாட்டு நிறுவனத்தின் தனிச்சிக்கல் இதுதான் என்று நினைக்கிறேன். கையேட்டைப் பத்து மொழிகளில் அச்சடித்து அனுப்பிவிடலாம். மேலிருந்து கீழே வருவதற்கு ஒரு மின்னஞ்சல் போதும். கீழிருந்து மேலே போவதற்குத்தான் ஆயிரம் தடை. ஆங்கிலத்தில் எழுத வேண்டும். சூப்பர்வைசரைத் தாண்டிப் போக முடியாது. உள்ளூர் மேலாளருக்குத் தன் ஆலையின் பெயர் கெடக்கூடாது. காண்ட்ராக்ட் ஆளாக இருந்தால், வாயைத் திறந்தால் நாளைக்கு வேலை இருக்குமா என்பதே சந்தேகம். டெக்சாஸ் சிட்டியில் இறந்தவர்கள் யார் என்று மறுபடி ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

அதனால் ஒரு நிறுவனத்தின் பாதுகாப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் நான் பலகையைப் பார்க்க மாட்டேன். மூன்று விஷயங்களைக் கேட்பேன். மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் மாதத்துக்கு எத்தனை பதிவாகின்றன? ஒன்றுகூட இல்லை என்றால் சந்தோஷப்பட எதுவும் இல்லை, யாரும் வாய் திறக்கவில்லை என்று அர்த்தம். ஓர் ஆலையில் கண்ட கோளாறு, வேறு நாட்டிலிருக்கும் அதே மாதிரி ஆலைக்கு எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தது? ஒப்பந்தத் தொழிலாளருக்கு அடிபட்டால் அது யாருடைய கணக்கில் ஏறுகிறது?

நீங்கள் அப்படிப்பட்ட கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவர் என்றால், நான்காவதாக ஒன்றை அங்கேயே விசாரித்துப் பாருங்கள். பயமாக இருக்கிறது என்று சொல்லி இங்கே கடைசியாக வேலையை நிறுத்தியவர் யார்? அவர் இப்போது எந்த வேலையில் இருக்கிறார்?