கேட்காமலே வாங்கும் சரக்கு!

பேண்டு என்றதும் கல்யாண ஊர்வலமும் சிவப்புக் கோட்டு ஆசாமிகளும் ஞாபகத்துக்கு வருகிறார்களா? தப்பில்லை. ஆனால் அமெரிக்காவில் 'கன்சர்ட் பேண்டு' வேறு ரகம். ஐம்பது, அறுபது பேர் மேடையில் உட்கார்ந்து, நோட்டைப் பார்த்து வாசிப்பார்கள். க்ளாரினெட், ட்ரம்பெட், சாக்ஸபோன், டிரம்ஸ்... ஊதுவதும் அடிப்பதும்தான். வயலின் கோஷ்டிக்கு இடமில்லை.

இவர்களுக்கு ஒரு பழைய குறை. பீத்தோவன், ப்ராம்ஸ் மாதிரி பெரிய மனுஷர்கள் சிம்பொனி எழுதி வைத்ததெல்லாம் வயலின் உள்ள ஆர்க்கெஸ்ட்ராவுக்கு. பேண்டுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மார்ச்சும் இரவல் சரக்கும்தான். சொந்தமாக வேண்டுமானால் காசு கொடுத்து எழுதச் சொல்ல வேண்டும்.

பி.காம். படித்தவன் பார்வையில் இது விநோதமான வியாபாரம். சாம்பிள் கிடையாது. எத்தனை நிமிஷம், என்னென்ன வாத்தியம், எந்தத் தேதிக்குள், எவ்வளவு பணம்... இவ்வளவுதான் பேச்சு. தனியாகக் கட்டுப்படியாகாவிட்டால் பல காலேஜ்கள் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்வதும் உண்டு. பணம் போட்டவருக்கு முதலில் வாசிக்கும் கௌரவம். காப்பிரைட்? அது சாதாரணமாக எழுதினவர் பாக்கெட்டிலேயே!

நியூயார்க் மாநிலத்தில் இதாகா என்று சின்ன ஊர். அங்கே இதாகா காலேஜ் பேண்டு இப்படி ஒரு ஆர்டர் கொடுத்தது. எழுத வேண்டியவர் காரெல் ஹூஸா. அதே ஊர் கார்னெல் யுனிவர்சிடியில் புரொபசர். பிறந்தது ப்ராக் நகரில். (அங்கேயும் வீட்டில் பையனை எஞ்சினியராக்கத்தான் பார்த்திருக்கிறார்கள்!) 1939-ல் ஜெர்மானியர் புகுந்து காலேஜ்களை மூடினார்கள். பையன் சங்கீதத்துக்குத் தப்பினான். 1946-ல் பாரிஸுக்குப் படிக்கப் போனார். பின்னால் ஊரில் கம்யூனிஸ்ட் ஆட்சி. திரும்பிப் போகவில்லை, பாஸ்போர்ட் கேன்சல்.

1968 ஆகஸ்ட். தணிக்கையைத் தளர்த்திக் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த செக்கோஸ்லோவாகியாவுக்குள் சோவியத் டாங்கிகள் புகுந்தன. ஹூஸாவுக்கு ரேடியோவில் செய்தி. அத்தனை தூரத்திலிருந்து என்ன செய்ய முடியும்? கையில் ஒரு ஆர்டர் இருந்தது.

'ம்யூஸிக் ஃபார் ப்ராக் 1968' அப்படித்தான் பிறந்தது. ஆரம்பத்தில் ஒரு பிக்கலோ, அதாவது பொடிசான புல்லாங்குழல், தன்னந்தனியாகப் பறவை போலக் கூவுகிறது. அதுதான் சுதந்திரமாம். ஆயிரம் வருஷ ப்ராக் அதைப் பார்த்தது சில கணங்கள்தான் என்கிறார் ஹூஸா. அடியில் டிம்பனி மெதுவாக ஒரு மெட்டைத் தட்டுகிறது. அது 15-ஆம் நூற்றாண்டுப் போர்ப்பாட்டு. செக் மக்கள் ஆபத்துக் காலத்தில் பிடித்துக்கொள்ளும் பாட்டு. நடுவே கோபுர மணிகள். மூன்றாவது பகுதியில் ஊதுகிறவர்கள் அத்தனை பேரும் சும்மா உட்கார்ந்திருக்க, தட்டு வாத்தியங்கள் மட்டுமே பேசும். கடைசியில் அந்தப் போர்ப்பாட்டை மொத்த பேண்டும் ஒரே குரலில் பிடிக்கிறது. ஆனாலும் பாட்டு முழுசாக எங்கேயும் வராது. வேண்டுமென்றேதான்.

1969 ஜனவரி 31, வாஷிங்டனில் முதல் கச்சேரி. காலேஜ் பிள்ளைகள் வாசித்தார்கள். இது எதற்காக எழுதப்பட்டது என்ற குறிப்பை ஒவ்வொரு கச்சேரியிலும் அச்சடித்துக் கொடுக்க வேண்டும், இல்லையேல் படித்துக் காட்ட வேண்டும் என்று நோட்டிலேயே கண்டிஷன் போட்டுவிட்டார் மனுஷர்.

வயலின்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஹூஸாவே இதை ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் மாற்றிக் கொடுத்தார். இந்தத் தடவை இரவல் வாங்கியது அவர்கள்!

சொந்த ஊரில் மட்டும் அவர் சங்கீதத்துக்குத் தடை. 1989 கடைசியில் அந்த ஆட்சி கவிழ்ந்தது. 1990 பிப்ரவரியில் ப்ராக் மேடையேறி ஹூஸாவே அதை நடத்தினார். அப்போது அவருக்கு வயது 68.