தாமெலோ!

போன சனிக்கிழமை சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தைக்கு அண்ணன் மகளோடு போனேன். பழக்கடையில் ஒரு மாம்பழத்தைக் காட்டி, "தாமெலோ!" என்றாள். கடைக்காரர் விழித்தார்.

"என்னம்மா கேக்குற?"

"அதை எனக்குத் தான்னு கேட்டேன், அங்கிள். ஸ்பானிய மொழி. என் ஃபிரெண்டு சொல்லிக் கொடுத்தா."

வீடு திரும்பும் வரை அந்த ஒரு சொல்லைத்தான் இருவரும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். 'தா' என்றால் கொடு. 'மெ' என்றால் எனக்கு. 'லோ' என்றால் அதை. மூன்று துண்டும் ஒட்டி ஒரே சொல். பழம் ஆப்பிளாக இருந்தால் 'தாமெலா' என்று கேட்க வேண்டும். ஸ்பானிய மொழியில் மாம்பழம் ஆண்பால், ஆப்பிள் பெண்பால்! பெரியவரிடம் மரியாதையாகக் கேட்பதென்றால் 'தேமெலோ'. நாம் 'தாங்க' என்பதுபோல.

இப்போது கையைத் தட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள். 'தா'வில் மட்டும் ஓங்கித் தட்டுங்கள்: தா-மெ-லோ. உயிரொலியில் முடியும் ஸ்பானியச் சொல்லில், பொதுவாகக் கடைசிக்கு முந்தைய அசைதான் அழுத்தம் பெறும். அந்தக் கணக்குப்படி அழுத்தம் 'மெ'யில் விழ வேண்டும். ஆனால் வாலில் எத்தனை துண்டு ஒட்டினாலும் வினைச்சொல் தன் அழுத்தத்தை விட்டுக்கொடுக்காது. அதைக் காட்டத்தான் எழுதும்போது முதல் உயிரெழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு போடுகிறார்கள். 'அதை எனக்குத் தராதே' என்று சொல்லும்போதோ ஒட்டு பிரிந்துவிடும்: 'நோ மெ லோ தேஸ்'. 'மெ'யும் 'லோ'வும் வினைக்கு முன்னால் போய் நின்றுகொள்ளும்.

சிங்கப்பூரிலேயே இந்த ஒட்டு வேலை நடக்கிறது. மலாயில் 'மெலிஹாத்' என்றால் பார்ப்பது. 'மெலிஹாத்ஞா' என்றால் அவரையோ அதையோ பார்ப்பது. அந்த 'ஞா'வைத் தமிழில் எழுத நம்மிடம் சரியான எழுத்தே இருக்கிறது!

தமிழும் வினையின் வாலில் ஒட்டும். ஆனால் அங்கே உட்காருவது, அந்த வேலையைச் செய்தவர். 'கொடுத்தாள்' என்றதுமே கொடுத்தது ஒரு பெண் என்று தெரிந்துவிடுகிறது. யாருக்கு, எதை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

எப்போதுமே அப்படித்தானா? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எனக்கோ உனக்கோ என்றால் 'தா', மூன்றாம் ஆளுக்கு என்றால் 'கொடு' என்று தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. ஸ்பானியர் வாலில் ஒட்டும் 'எனக்கு' பழந்தமிழில் வினைக்குள்ளேயே இருந்திருக்கிறது! ஸ்பானியத் 'தா' லத்தீன் வழி வந்தது, நம் 'தா' திராவிடச் சொல். இரண்டும் ஒன்றுபோல ஒலிப்பது தற்செயல்தான்.

இன்று நாம் 'எனக்குக் குடு' என்று சாதாரணமாகச் சொல்கிறோம். மலையாளம் பேசுபவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். தனக்கென்றால் 'தா', அவனுக்கென்றால் 'கொடுக்கு'. தேக்காவில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் அவர்கள் பேச்சில் அந்தப் பழைய வேறுபாடு இன்றும் கேட்கும்.